மாதா கோயிலுக்கு வரும் இந்து நண்பர்களிடம் விசுவாசத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

வெட்டாற்றங்கரை:
ஆகஸ்ட் 29 கொடியேற்றம் நெருங்குகிறது. எங்கள் பங்கு (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள கோயில் வட்டாரம்) நாகப்பட்டினம் சாலையை ஒட்டியது. காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் கூட்டங்கூட்டமாக இந்த வழியாகத்தான் போவார்கள், அவர்களில் பலர் இந்துக்கள். தெருவிலும் வயலிலும் நம்மோடு பழகுகிறவர்களும் அவர்கள்தான். "உங்க மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன், நடந்துச்சு" என்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வதென்று எங்கள் அன்பியத்தில் (பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர் கூடும் சிறு குழு) யாருக்கும் தெரியவில்லை, சிரித்துவிட்டு வந்துவிடுகிறோம். சிலர் துண்டுப் பிரசுரம் அச்சடிக்கலாம் என்கிறார்கள். குருவோ கன்னியரோ அல்லாத நாம் எப்படிப் பேசுவது? எதைத் தவிர்க்க வேண்டும்? மோர்ப் பந்தலும் போடப்போகிறோம், அதற்கும் யோசனை வேண்டும்.

கொள்ளிடக்கரை:
தம்பி, "நடந்துச்சு" என்று ஒருவர் சொன்னால் உடனே பதில் தேடாதீர்கள். "என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று கேளுங்கள். மகளின் பிரசவமாக இருக்கலாம், மகனின் குடியாக இருக்கலாம். முழுவதையும் சொல்லி முடிக்கட்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் எழுதிய 'நற்செய்தியின் மகிழ்ச்சி' மடலின் 127, 128ஆம் எண்களில் இந்த வரிசைதான் இருக்கிறது. முதலில் எதிரில் இருப்பவர் தம் மகிழ்ச்சியையும் கவலையையும் பேசுவார், நாம் கேட்போம். அதன் பிறகே இறைவார்த்தை, ஒரு வசனமாகவோ ஒரு நிகழ்ச்சியாகவோ. பொருத்தமாக இருந்தால் கடைசியில் அவர் சொன்ன கவலையைத் தொட்டு ஒரு சிறு செபம். நம்மவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வசனத்தை முதலில் எடுப்பதால், கேட்பவருக்கு அது நம் சரக்கை விற்பதாகப் படுகிறது.

மாதாவைப் பற்றிப் பேச்சு வந்தால் கானா ஊர்க் கல்யாணத்தைச் சொல்லுங்கள் (யோவான் 2). பந்தி நடக்கும்போது சாப்பாடு தட்டினால் பெண் வீட்டாருக்கு எப்படியிருக்கும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். அங்கே தட்டியது திராட்சை ரசம். அதை முதலில் கவனித்தவர் மாதா. அவர் தாமாக எதுவும் செய்யவில்லை. மகனிடம் சொன்னார், பணியாளர்களிடம் அவர் சொல்கிறபடி செய்யுங்கள் என்றார். ஆறு கற்சாடித் தண்ணீரை ரசமாக்கியவர் இயேசு. கடவுளுக்கு மட்டுமே ஆராதனை, மாதாவுக்கு வணக்கம் என்ற வேறுபாடு இந்தக் கதையிலேயே விளங்கிவிடும். 'அருள் நிறைந்த மரியே' செபத்தின் கடைசிச் சொல்லையும் காட்டலாம்: "வேண்டிக்கொள்ளும்". "கொடும்" என்று அதில் இல்லை. நமக்காகக் கேட்கச் சொல்லித்தான் மாதாவிடம் போகிறோம்.

இன்னும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் மாற்கு நற்செய்தி. 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. ஆதியாகமத்திலிருந்து தொடங்கச் சொன்னால் லேவியராகமம் வந்ததும் மூடி வைத்துவிடுவார்.

மோர்ப்பந்தல்:
பந்தல் விஷயம். 1 லிட்டர் தயிர் கடைந்து தண்ணீர் சேர்த்தால் 4 லிட்டர் மோர் வரும். 200 மில்லி டம்ளரில் 20 பேருக்கு ஆகும். ஆக 200 பேருக்கு 10 லிட்டர் தயிர். தண்ணீர் காய்ச்சி ஆறவைத்ததாக இருக்கட்டும். உப்பைக் கொஞ்சம் தூக்கலாகவே போடுங்கள், வெயிலில் வியர்த்து வருகிறவர்கள். தயிரைக் கடைந்து ஒரே அண்டாவில் கலக்கிவைத்தால் மதியத்துக்குள் புளித்துவிடும், இரண்டு மூன்று தடவையாகக் கலக்குங்கள். உட்கார பெஞ்சும் கால் கழுவத் தண்ணீரும் அவசியம். கால் கொப்புளத்தை உடைக்கக் கூடாது. கழுவித் துடைத்து, சுத்தமான துணியால் தளர்வாக மூடிவிடுங்கள்.

துண்டுப் பிரசுரம் மட்டும் வேண்டாம். மோர் டம்ளரைக் கொடுத்த கையே காகிதத்தையும் நீட்டினால், அது மோருக்கு விலை கேட்பது போலாகிவிடும். வாங்க மனமில்லாதவர் அடுத்த பந்தலையும் தாகத்தோடு தாண்டிப் போவார். "யாருங்க நீங்க, எந்தக் கோயில்?" என்று அவரே கேட்டால் உட்காரவைத்துப் பேசுங்கள். நம் நம்பிக்கையின் நியாயத்தைக் கேட்பவருக்குப் பணிவோடும் மரியாதையோடும் சொல்ல ஆயத்தமாயிருக்கும்படிதான் 1 பேதுரு 3:15உம் சொல்கிறது.

அன்பியம் அக்கா:
நோயாளி வீட்டுக்குப் போவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இரண்டு பேராகப் போங்கள், பத்து நிமிடம் போதும். "உங்களுக்காகச் செபிக்கலாமா?" என்று கேட்டு, சரியென்றால் மட்டும் செபியுங்கள். நோயாளியின் பெயரையும் வேதனையையும் சொல்லி ஒரு நிமிடம், சாதாரணக் குரலில். கேட்காமல் தலையில் கை வைக்காதீர்கள். சுவரில் இருக்கும் முருகன் படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள், அது அவர்கள் வீடு. "நம்பினா சுகமாகும், மாத்திரை வேண்டாம்" என்பது பாவமான பேச்சு. சுகமாகாவிட்டால் 'என் நம்பிக்கை போதவில்லை' என்று அந்த நோயாளி நோயோடு குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமப்பார்.

திருப்பலி வழிபாட்டுக்கு நண்பரை அழைத்து வந்தால் நற்கருணையைப் பற்றி (இயேசுவின் உடலாக நாம் உண்ணும் அப்பம், கத்தோலிக்கருக்கு மட்டும்) வாசலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பிரசாதம் என்று நினைத்து வரிசையில் போய் வாங்கி, வீட்டில் அம்மாவுக்கென்று கைக்குட்டையில் மடித்துக்கொள்வார். அவர் மேல் தப்பில்லை. வாங்கப் போன இடத்தில் தடுத்தால் கூட்டத்தின் நடுவே அவமானம். நடைபாதையை ஒட்டி உட்காரவைக்காமல் பெஞ்சின் உள்பக்கம் உட்காரவையுங்கள், வரிசை தள்ளிக்கொண்டு போகாது.

மறைக்கல்வி வாத்தியார்:
ஒருவர் திருமுழுக்கே (ஞானஸ்நானம்) கேட்டால் என்ன செய்வது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். நேரே பங்குத்தந்தையிடம் அழைத்துச் செல்லுங்கள், நாமாக நாள் குறிக்க முடியாது. பெரியவர்களுக்குப் பல மாதப் பயிற்சி உண்டு. தவக்காலத்தின் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) முதல் ஞாயிறு பெயர் பதிவு, 3, 4, 5ஆம் ஞாயிறுகளில் அவருக்கான தனிச் செபங்கள், பாஸ்கா திருவிழிப்பில் (ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடு) திருமுழுக்கு, உறுதிபூசுதல் (எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு), நற்கருணை மூன்றும். படிக்கிற பிள்ளைகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் வகுப்பில் சேர்க்கவே கூடாது.

ஆதிதிராவிடர் ஒருவர் கேட்டால் முதல் நாளே சாதிச் சான்றிதழ் விஷயத்தைச் சொல்லுங்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானால் எஸ்.சி. தகுதி இல்லை. தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வருவார். அந்த ஆணை அநியாயம் என்பதே என் கருத்து, ஆனால் அதை மறைத்துத் திருமுழுக்கு கொடுப்பது அதைவிடப் பெரிய அநியாயம். கல்லூரி, வேலை எல்லாம் அதில் அடங்கியிருக்கிறது.

சட்டத்தில், அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்புவதென்றால் நம் கொள்கையை எடுத்துச் சொல்வதுதான், இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் இல்லை என்று 1977இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. திருச்சபையும் 1965இலேயே, சமய உரிமை பற்றிய வத்திக்கான் சங்க (உலக ஆயர்கள் கூடிய மாமன்றம்) ஏட்டில், வற்புறுத்தலும் ஏழை எளியவர்களை முறையற்று வசப்படுத்துவதும் கூடாதென்று சொல்லிவிட்டது. ஆகவே ஏழைகளுக்கு அரிசி மூட்டை கொடுக்கும் நம் வின்சென்ட் தே பவுல் சபையார் (உதவிக் குழு) கொடுக்கும் அன்றைக்குச் செபக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டாம்.

வெட்டாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. பந்தலில் பிரசுரம் இல்லை என்று வியாழக்கிழமை கூட்டத்தில் சொல்லிவிடுகிறேன். கேட்கிறவருக்குக் கொடுக்கச் சிறிய புதிய ஏற்பாடு வாங்கி வைக்கலாமா? எத்தனை?

கொள்ளிடக்கரை:
இருபது போதும். 1995 திருவிவிலிய மொழிபெயர்ப்பாகப் பார்த்து வாங்குங்கள், கோயிலில் வாசிக்கக் கேட்கும் அதே நடை. மாற்கு தொடங்கும் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு நூலிழை வைத்துவிடுங்கள். மேசை மேல் பரப்பாமல் பெட்டியிலேயே இருக்கட்டும், கேட்கும்போது எடுத்துக் கொடுக்கலாம்.