38-ஐத் தாண்டினால் நிச்சயமா?

செல்வி (அல்சூர்): நேற்று சேகர் இங்கே எழுதியது: "எஸ்-எஃப்எல்டி, பிஎல்ஜிஎஃப் விகிதம் 38-ஐத் தாண்டினால் ப்ரீ-எக்லாம்ப்சியா நிச்சயம்." கர்ப்பத்தில் பிபி ஏறி, பெரும்பாலும் யூரினில் புரதமும் போகிற நோய் அது; விகிதம் என்பது ரத்தத்தில் உள்ள அந்த இரண்டு நஞ்சுக்கொடிப் புரதங்களில் முதலாவது இரண்டாவதைப் போல் எத்தனை மடங்கு என்பது. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு இதைப் படிக்கிற பெண்ணுக்கு எப்படித் தூக்கம் வரும்? 2016-இல் வந்த ப்ராக்னோசிஸ் ஆய்வில், இந்த நோய் இருக்குமோ என்ற சந்தேகத்தோடு வந்த பெண்களில் விகிதம் 38-க்கு மேல் போகாதவர்களில் 99.3 சதவீதம் பேருக்கு அடுத்த ஒரு வாரத்தில் நோய் வரவில்லை. தாண்டியவர்களில் நாலு வாரத்துக்குள் வந்தது 36.7 சதவீதம் பேருக்குத்தான். இதுவா நிச்சயம்?

சேகர் (ஜெயநகர்): என் மனைவிக்கு 33-ஆம் வாரம் 41 வந்தது. பத்தாம் நாள் பிபி 160/110, யூரினில் புரதம். 41 என்பது 38-ஐத் தாண்டியதா இல்லையா?

செல்வி: தாண்டியது. என் தங்கைக்கு 52. ஒன்றும் வராமல் 39-ஆம் வாரம் பிள்ளை பெற்றாள். அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

காயத்ரி (ஒயிட்ஃபீல்ட்): இரண்டு பேரும் தப்பு. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த டெஸ்ட்டை அனுமதித்தபோது எண் 40.

செல்வி: அது வேறு கம்பெனி கருவி மேடம். ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்களுக்கு, இரண்டு வாரத்துக்குள் கடுமையாகுமா என்று பார்ப்பது. ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றில் வைத்துப் பேசக் கூடாது.

சேகர்: போன மாதம் தைராய்டு பேச்சிலும் இப்படித்தான் பாடம் எடுத்தீர்கள். நீங்கள் டாக்டரா? லேபில் ரத்தம் எடுப்பவர்தானே?

செல்வி: ஆமாம், பதினேழு வருடமாக எடுக்கிறேன். அதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் அழுகிற பெண்களை நான்தான் பார்க்கிறேன், நீங்கள் இல்லை. நஞ்சுக்கொடி திணறும்போது எஸ்-எஃப்எல்டி ஏறும், பிஎல்ஜிஎஃப் இறங்கும். அதனால் தாண்டினால் கவனமாகப் பார்க்க வேண்டும், சரி. நிச்சயம் என்று சொல்லாதீர்கள். 36.7.

முருகேசன் (ஸ்ரீராமபுரம்): எங்கள் பாட்டி கால் வீக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். எதற்கு இவ்வளவு செலவு?

செல்வி: கால் வீக்கம் நல்ல கர்ப்பத்திலும் வரும் அண்ணா. பாட்டியை நம்பி பிபி பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

முருகேசன்: பாட்டியைப் பற்றிப் பேச வேண்டாம். அவர் கையில் நாற்பது பிரசவம் ஆகியிருக்கிறது.

காயத்ரி: நான் சொன்ன 40-க்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

சேகர்: 41. தாண்டியது. வந்தது. என் வீட்டில் நடந்ததை எனக்கே சொல்லித்தர வேண்டாம்.

முருகேசன்: செல்வி, என் மகளுக்கு 31 வாரம். இன்று பிபி 138/88. இந்த டெஸ்ட் எடுக்கலாமா?

செல்வி: முதலில் நாளைக் காலையே டாக்டரிடம் காட்டுங்கள், டெஸ்ட்டை அவர் சொல்லட்டும். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, இதில் எது இருந்தாலும் இன்று ராத்திரியே கிளம்புங்கள். சேகர், 36.7.

சேகர்: 41.