பூஜ்யத்தை வட்டமிட்ட தம்பி

சமூகப்பணி படித்த காலத்தில், சிங்கப்பூர் ஈசூனில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த டியூஷன் வகுப்புக்குத் தொண்டூழியராகப் போவேன். ஒரு சனிக்கிழமை உயர்நிலை 3 பிள்ளைகளிடம் மீள்திறன் அளவுகோல் ஒன்றைக் கொடுத்தேன்; கஷ்டத்திலிருந்து மீண்டு வரும் திறனை அளக்கும் கேள்வித்தாள் அது. கானர், டேவிட்சன் இருவரும் 2003-ல் வெளியிட்டது. 25 வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 0 (எனக்குப் பொருந்தவே இல்லை) முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 100. பெரியவர்களை வைத்துச் சோதித்த அளவுகோலைப் பிள்ளைகளிடம் நீட்டியது என் அவசரம்தான்.

கடவுளோ விதியோ கைகொடுக்கும் என்பதுபோல ஒரு வாக்கியம் அதில் வரும். ஒரு தம்பி அங்கேயே நின்றுவிட்டான். அப்பா தவறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. 0-வை வட்டமிட்டான், அழித்தான், மறுபடியும் 0. அந்த இடத்தில் தாளே மெலிந்துபோனது. "அக்கா, இது நம்புறதைக் கேக்குதா, கோயிலுக்குப் போறதைக் கேக்குதா?" என்றான். "நம்புறதைத்தான்" என்றேன். அப்படியே கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த தைப்பூசம் 2023. கோவிட்டுக்குப் பிறகு காவடிகள் மறுபடி தெருவில் இறங்கிய வருடம். சிராங்கூன் ரோட்டில் அவனைப் பார்த்தேன். அம்மா பால்குடத்தோடு முன்னால். இவன் வெறுங்காலோடு, கையில் தண்ணீர் பாட்டில், தொண்டை கட்ட "வேல் வேல்" என்று கத்திக்கொண்டு. மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பையன் என்று ஒரு கூட்டமே கூட நடந்தது. என் தாளில் இவன் பூஜ்யம்!

அப்புறம்தான் கனடாவில் மைக்கேல் உங்கர் குழு இளையர்களுக்காகவே உருவாக்கிய 28 கேள்வி அளவுகோலைப் படித்தேன். ஆன்மிக நம்பிக்கை பலம் தருகிறதா என்பது அதில் ஒரு கேள்வி, சமய நிகழ்ச்சிகளில் கலந்துகொள்கிறாயா என்பது தனிக் கேள்வி. அவன் கேட்டதும் அதைத்தானே. முதல் அளவுகோலின் 10 கேள்விச் சுருக்கத்தில், 2007-ல் வந்தது, கடவுள் கேள்வியே கிடையாது. அது சுலபம், ஆனால் இவனைப் போன்ற பிள்ளையின் பாதிக் கதை போய்விடும்.

பதில்:
எனக்கு நேர் எதிர், அக்கா. நான் தமிழ் முஸ்லிம். பள்ளியில் இப்படி ஒரு தாள் வந்தபோது இறைவன் பற்றிய கேள்விக்கு யோசிக்காமல் முழு மதிப்பெண் போட்டேன். ஆசிரியர் பின்னால் நின்றார், வேறென்ன போடுவேன்? ஆனால் அந்த வருடம் என்னைத் தாங்கியது, நோன்பு மாதத்தில் சவுத் பிரிட்ஜ் ரோடு ஜாமியா சூலியா பள்ளிவாசலில் தாத்தாவோடு உட்கார்ந்து குடித்த கஞ்சி. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?