டுலூத் துறைமுகத்தில் ஐஸ் உடைவதைப் பார்க்க எப்போது வரலாம்?

முத்துநகர்க்காரன்:
வணக்கம். நாங்கள் மினியாபோலிஸில் இருக்கிறோம். மார்ச் நடுவில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள், மே வரை இருப்பார்கள். அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே மினசோட்டாவிலேயே, சுப்பீரியர் ஏரிக்கரை டுலூத்தில், ஒரு துறைமுகமே உறைந்து கிடக்கும், கப்பல் வந்து உடைத்துத் திறக்கும் என்று போனில் சொன்னதிலிருந்து அதைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். இரண்டரை மணி நேரம் கார் ஓட்டி வந்துவிட்டு வெறும் தண்ணீரைப் பார்த்துத் திரும்பினால் மனசு கேட்காது. எந்த வாரம் வரலாம்? அம்மாவுக்கு மூட்டு வலி, அதிகம் நடக்க முடியாது.

மலைச்சரிவு வீடு:
தேதியை இப்போதே குறித்துவிடாதீர்கள். நான் இருக்கும் மேட்டுத் தெருவிலிருந்து துறைமுகமும் ஏரியும் சேர்ந்தே தெரியும். வசந்தத்தில் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது காற்று எந்தத் திசை என்பதைத்தான்.

துறைமுகத்திலிருந்து ஏரிக்குப் போக ஒரு கால்வாய், அதன் மேல் ஒரு தூக்குப் பாலம். அந்தப் பாலத்துக்கு உள்ளே ஒரு ஐஸ், வெளியே வேறு ஐஸ். உள்ளே இருப்பது செயின்ட் லூயிஸ் ஆற்றின் முகத்துவாரம். ஆழம் குறைவு, அலையும் இல்லை. அதனால் கடுங்குளிர் ஆண்டுகளில் இரண்டடிக்கு மேல் கெட்டியாகிவிடும். அதைக் கப்பல் வந்துதான் உடைக்க வேண்டும். ஏரியின் மறுகோடியில் கப்பல்களை அடுத்த ஏரிக்கு ஏற்றி இறக்கும் மதகுகளான சூ லாக்ஸ் ஜனவரி 15-இல் மூடி மார்ச் 25-இல் திறக்கும். குளிர்காலம் முழுக்க இங்கே கட்டிக் கிடந்த கப்பல்கள் அதையொட்டிக் கிளம்புவதால், கடலோரக் காவல்படையின் 'ஸ்பார்' மார்ச்சிலேயே பாதை வெட்டத் தொடங்கிவிடும். 68 மீட்டர் நீளக் கப்பல். கெட்டியான இடத்தில் நின்று, பின்வாங்கி, மறுபடி வேகம் எடுத்து வரும். மூக்குப் பகுதி ஐஸின் மேல் ஏறும், ஒரு கணம் நிற்கும், பிறகு கப்பலின் எடை தாங்காமல் அடியில் பிளக்கும். வெட்டிய பாதை இரவில் திரும்ப உறைந்தால் மறுநாள் அதே வேலை. துறைமுகத்தில் உழைத்த மனிதருக்கு இதைப் பார்க்க அலுக்காது.

வெளியே சுப்பீரியர் ஏரி. அதன் மேற்குக் கோடி ஒடுங்கி முடியும் மூலையில் டுலூத் இருக்கிறது. மேற்குக் காற்று அடித்தால் ஐஸ் முழுவதையும் நடு ஏரிக்குத் தள்ளிவிடும், ஒரே ராத்திரியில் கரை நீலமாகிவிடும். வடகிழக்குக் காற்று திரும்பினால் போனதெல்லாம் இந்த மூலைக்கே வந்து அடையும். அப்புறம் கப்பல் கால்வாய் வாயிலிலேயே திணறும். 2014-இல் சுப்பீரியரையும் சேர்த்து ஐந்து பேரேரிகளின் பரப்பில் 92 சதவீதம் உறைந்தது, சுப்பீரியரில் ஜூன் தொடக்கம் வரை ஐஸ் மிதந்தது. 2024-இலோ ஏரி ஏறக்குறைய திறந்தே கிடந்தது. இப்படி இருக்கும்போது வாரத்தை எப்படிச் சொல்வது?

எனக்கு மிகவும் பிடித்தது ஏப்ரல் கடைசி. வெயில் ஏற ஏற ஐஸ் மேலிருந்து கீழ்வரை தனித்தனிக் குச்சிகளாகப் பிரிந்து நிற்கும். பார்க்கப் பெரிய பாளமாகத்தான் தெரியும், ஆனால் உள்ளே பிடிப்பே இருக்காது. வடகிழக்குக் காற்றில் அது கால்வாய்ச் சுவரில் வந்து மோதும்போது விரல் தடிமனுக்குக் குச்சிகள் உதிர்ந்து ஒன்றன்மேல் ஒன்று சரியும். அலை தூக்கித் தூக்கி இறக்க, கூடை நிறையக் கண்ணாடி வளையல் குலுங்குவது போல ஒரு சத்தம். அம்மாவும் காரில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தே கேட்கலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். யாரும் ஐஸ் மேல் காலை வைக்க வேண்டாம். நாலு பேர் நின்று மீன் பிடிக்கிறார்களே என்று நம்பிப் போகாதீர்கள். 2021 பிப்ரவரியில் நல்ல குளிரிலேயே ஒரு பாளம் கரையை விட்டு விலகி, மீன் பிடித்துக்கொண்டிருந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களை மீட்க வேண்டியிருந்தது.

அக்கரை சுப்பீரியர்:
மேலே சொன்னது சரி. ஆனால் இவ்வளவு தூரம் வருகிறவர்கள் கப்பல் பாலத்தைக் கடப்பதையும் பார்க்க வேண்டும். ஏரியல் லிஃப்ட் பாலம் 1905-இல் கட்டியது. அப்போது தொங்கும் தொட்டியில் ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்த்தார்கள். 1930 முதல் பாலத்தின் சாலைப் பகுதியே அப்படியே மேலே எழும்புகிறது. கப்பல் நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு என்று ஊதும், பாலமும் பதிலுக்கு ஊதும். கால்வாய் அவ்வளவு குறுகலானது, 300 மீட்டர் கப்பல் கைக்கெட்டும் தூரத்தில் போகிற மாதிரிதான் இருக்கும். கரையிலேயே கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது, கட்டணம் இல்லை. அம்மா உள்ளே கதகதப்பாக உட்காரலாம். ஸ்வெட்டர், குல்லா அவசியம். உங்கள் ஊரில் வெயில் அடிக்கிற நாளிலும் ஏரிக்கரை நடுக்கிவிடும்.

முத்துநகர்க்காரன்:
இருவருக்கும் நன்றி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், "காற்றைச் சொன்னாரே, அவர் விஷயம் தெரிந்தவர்" என்றார். ஒரே ஒரு தடவைதான் வர முடியும் என்றால் மார்ச்சா, ஏப்ரலா?

மலைச்சரிவு வீடு:
அப்பாவுக்காக வருவதால் மார்ச் என்பேன். சூ லாக்ஸுக்குப் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதனால் 25-ஆம் தேதித் திறப்பைப் பிடிக்க நினைக்கும் கப்பல்கள் 23, 24-இலேயே இங்கிருந்து புறப்படும். 22-ஆம் தேதியிலிருந்து துறைமுகத்தின் கப்பல் அட்டவணையை இணையத்தில் பாருங்கள். புறப்பாடு போட்டிருந்தால் உடனே கிளம்பிவிடுங்கள். முதலில் மேட்டுச் சாலையான ஸ்கைலைன் பார்க்வேயில் காரை நிறுத்தினால் ஸ்பார் வெட்டிய கறுப்புப் பாதை துறைமுகம் முழுக்கத் தெரியும். பிறகு கீழே பாலத்துக்கு இறங்கலாம். அந்த வாரம் ஐஸே இல்லை என்று தெரிந்தால் மட்டும் தள்ளிப் போடுங்கள். ஏப்ரலில் வடகிழக்குக் காற்று இரண்டு நாள் நின்று அடித்தால் நானே இங்கே வந்து எழுதுகிறேன்.