உதவி: எக்செலில் நூலக இரவல் பதிவு, 42 ஆயிரம் வரி. டேட்டாபேஸுக்கு மாறிவிடலாமா?

கடைசிவரிசை:
வணக்கம். அவசரம். எங்கள் நூலகத்தின் இரவல் பதிவு முழுவதும் எக்செலில் இருக்கிறது. 42 ஆயிரம் வரி. திறக்கவே வெகுநேரம் ஆகிறது. நேற்றிலிருந்து எல்லாம் தாறுமாறாகக் கிடக்கிறது. எக்செல் இதற்கெல்லாம் ஆகாது, டேட்டாபேஸுக்குப் போ என்கிறார்கள். எதை நிறுவுவது? திங்கட்கிழமைக்குள் சரியாகிவிட வேண்டும்.

வலைக்குருவி:
எந்த ஆண்டுப் பதிப்பு? ஒருவர் பயன்படுத்துகிறீர்களா, பலரா? "தாறுமாறு" என்றால் என்ன? கோப்பு திறக்கவில்லையா, எண்கள் மாறியிருக்கின்றனவா, வரிகள் காணாமல் போயினவா? வயிற்றுவலி என்று மட்டும் சொன்னால் மருந்து எழுத முடியாது.

நிரல்மேடு:
எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ். வேறு பேச்சே வேண்டாம். 2000-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது, இலவசம், சர்வர் தேவையில்லை, மொத்தத் தரவும் ஒரே கோப்பில் அடங்கும். 42 ஆயிரம் வரி அதற்குத் தூசு.

மூத்தவிசை:
இந்தக் கேள்விக்கு எத்தனையாவது முறை பதில் எழுதுகிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். எக்செல் தாளில் 10,48,576 வரிகள் கொள்ளும். 42 ஆயிரத்தில் திணறுகிறது என்றால் குற்றம் மென்பொருளில் இல்லை. வரிதோறும் விலுக்அப் (வேறிடத்தில் தேடி மதிப்பை எடுத்துத் தரும் ஃபார்முலா) போட்டு, அதையும் நெடுவரிசை முழுவதும் தேடச் சொல்லியிருப்பீர்கள். முதலில் அடிப்படையைப் படியுங்கள்.

கடைசிவரிசை:
2016 பதிப்பு. மூன்று பேர் பயன்படுத்துகிறோம். விலுக்அப் இருக்கிறது, எப்படித் தெரிந்தது? ஒருவர் எடுத்த புத்தகம் இன்னொருவர் பெயருக்கு நேராக நிற்கிறது. கைபேசியிலிருந்து எழுதுகிறேன், பிறகு வருகிறேன்.

நிரல்மேடு:
பார்த்தீர்களா, எக்செலை நம்பினால் இதுதான். 2020-இல் இங்கிலாந்தின் கோவிட் கணக்கில் 15,841 பேர் விடுபட்டது நினைவிருக்கிறதா? எக்செல்தான் காரணம்.

மூத்தவிசை:
65,536 வரிக்கு மேல் ஏற்காத பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் தரவை ஊற்றியதுதான் காரணம். அரைச்செய்தியோடு வராதீர்கள். பகிர்ந்த கோப்புறையில் எஸ்கியூலைட் கோப்பை வைத்து மூன்று கணினியிலிருந்து எழுதினால் அதுவும் கெடலாம். அதன் ஆவணமே எச்சரிக்கிறது, படித்ததுண்டா? மூன்று பேர் என்றால் சர்வரில் ஓடும் டேட்டாபேஸ் வேண்டும்: போஸ்ட்கிரஸ், இல்லாவிட்டால் மைஎஸ்கியூஎல்.

சொல்லேர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எக்செல், டேட்டாபேஸ் என்றே எல்லோரும் எழுதுகிறீர்களே. விரிதாள், தரவுத்தளம் என்ற சொற்கள் இருக்கின்றன.

வலைக்குருவி:
இருக்கட்டும் ஐயா. ஆனால் டேட்டாபேஸில் உள்ள "டேபிள்" என்பதற்கு அட்டவணை என்றால், விரிதாளையும் பலர் அட்டவணை என்கிறார்கள், ரயில் நேரமும் அட்டவணை. மூன்றையும் ஒரே பத்தியில் எழுதிப் பாருங்கள்.

சொல்லேர்:
சொல்லில் குறையில்லை, சோம்பலில்தான் குறை.

தூரிகை:
மென்பொருள் சண்டையைச் சற்று நிறுத்தி வையுங்கள். கடைசிவரிசை, இரண்டு கேள்விகள். நேற்று யாராவது பெயர் வரிசைப்படி அடுக்கினார்களா? தாளின் நடுவில் காலி நெடுவரிசை ஏதாவது இருக்கிறதா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரே ஒரு கட்டத்தைச் சொடுக்கிவிட்டு அகரவரிசைப் பொத்தானை அழுத்தினால், தரவு எதுவரை என்பதை எக்செல் தானாக ஊகிக்கும். காலி நெடுவரிசை வந்தால் அதோடு எல்லை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். இடப்பக்கம் பெயர்கள் அடுக்கப்படும், வலப்பக்கம் நூல்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். எச்சரிக்கை எதுவும் வராது.

இடப்பக்கத் தொகுதியில் வரிசை எண் இருக்கிறதா? அது கையால் தட்டச்சிட்ட எண்ணாக இருந்தால் தப்பித்தீர்கள். முதலில் கோப்பைப் பிரதி எடுங்கள். பிரதியில் இடப்பக்கத்தை அந்த எண்ணால் மீண்டும் அடுக்குங்கள், பெயர்கள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். எண் சூத்திரத்தால் வந்ததாக இருந்தால் பயனில்லை.

மூத்தவிசை:
இதைத்தான் அடிப்படை என்றேன்.

தூரிகை:
நீங்கள் சொன்னது விலுக்அப் பற்றி.

மாறுவதா என்ற கேள்விக்கு வருகிறேன். மாறலாம், ஆனால் காரணம் வரி எண்ணிக்கை அல்ல. இப்போது ஒவ்வொரு இரவலுக்கும் உறுப்பினர் பெயரைத் திரும்பத் தட்டச்சிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முருகேசன், மு.முருகேசன், முருகேஸ் என்று ஒரே மனிதர் மூன்று பேராகியிருப்பார். உறுப்பினர், நூல், இரவல் என்று மூன்று அட்டவணைகளாகப் பிரித்தால் இரவல் வரியில் உறுப்பினர் எண், நூலின் பதிவு எண், எடுத்த நாள், திருப்பிய நாள் மட்டும் போதும். நூலில் அச்சிட்டிருக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணை நம்ப வேண்டாம், ஒரே நூலின் இரு பிரதிகளுக்கும் அது ஒன்றுதான். இல்லாத உறுப்பினர் எண்ணை இட்டால் டேட்டாபேஸ் மறுக்கும், எக்செல் வாய் திறக்காது. (எஸ்கியூலைட்டில் இந்தக் காவலை நாமேதான் இயக்க வேண்டும், நிரல்மேடு அதைச் சொல்லவில்லை.) 0047 போன்ற எண்களை எழுத்தாக வையுங்கள், இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் உதிர்ந்துவிடும்.

திங்கட்கிழமைக்குள் மாறாதீர்கள். கலைந்த தரவை எங்கே கொட்டினாலும் கலைந்த தரவுதான்.

நிரல்மேடு:
ஒரு வரி கட்டளைதானே, சொல்ல மறந்துவிட்டேன். எஸ்கியூலைட் இன்னும் என் தேர்வுதான்.

கடைசிவரிசை:
ஆறாவது நெடுவரிசை காலி. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நான்தான் விட்டேன். வரிசை எண்ணால் அடுக்கியதும் சேர்ந்துவிட்டது. கடைசி 17 வரிக்கு எண் போடவே இல்லை, அவை மட்டும் அடியில் நிற்கின்றன. மிக்க நன்றி.

வலைக்குருவி:
அந்த 17 பேர் எடுத்த நூல்களை எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள்? கையெழுத்துப் பதிவேடு ஏதும் உண்டா?

சொல்லேர்:
"ஃபார்முலா" என்று எழுதாமல் "சூத்திரம்" என்று எழுதிய தூரிகைக்கு வாழ்த்துகள்.

வலைக்குருவி:
கடைசிவரிசை, இருக்கிறீர்களா?