குடற்பூச்சிக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டா?

செங்காங்வாசி:
அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து சென்று, புதுக்கோட்டைப் பக்கத்தில் உள்ள மாமியார் வீட்டில் மூன்று வாரம் தங்கிவிட்டு வந்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வயிறும் சரியில்லை, மனமும் சரியில்லை. தொடக்கநிலை இரண்டில் படிக்கும் மகள் இரவெல்லாம் புரள்கிறாள், பின்புறம் அரிக்கிறது என்று அழுகிறாள். காலையில் அவளுக்குச் சீருடை மாட்டுவதற்குள் பெரும்பாடாகிவிடுகிறது. எனக்கோ ஓயாத வயிற்று உப்புசம், நாற்றமடிக்கும் ஏப்பம், எண்ணெய் பூசினாற்போல் மிதக்கும் மலம். பல ஆண்டுகளாகக் காலையில் குடித்துவந்த தே தாரிக் என்ற பால் தேநீரை இப்போது குடித்தால், அலுவலகம் சேர்வதற்குள் நடுவழியில் ரயிலைவிட்டு இறங்கிக் கழிப்பறையைத் தேட வேண்டியிருக்கிறது. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. மருந்தகத்தில் ஒருமுறை மலத்தைச் சோதித்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பூச்சிகள்தாம் மூளையை ஆட்டிவைக்கின்றன என்று சொல்லும் காணொளிகளை நாத்தனார் அனுப்பி, குடலைச் சுத்தம் செய்யும் பொடி ஒன்றையும் வாங்கச் சொல்கிறார். இதில் எவ்வளவு உண்மை?

ஓய்வுபெற்ற தாதி:
சகோதரி, நீங்கள் ஒரே சிக்கலாக நினைப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல்களாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் மகள். நீங்கள் எழுதியிருப்பது ஊரில் கீரிப்பூச்சி என்று சொல்வார்களே, அதற்கு அப்படியே பொருந்துகிறது. பெண்புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடுவதால்தான் அந்த நேரத்தில் அரிப்பு வருகிறது. முட்டைகள் குடலுக்கு வெளியே இருப்பதால், மலப்பரிசோதனையில் அவை பெரும்பாலும் அகப்படுவதில்லை. காலையில் எழுந்தவுடன், குளிப்பதற்கும் கழிப்பறை செல்வதற்கும் முன்பாக, ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவை அந்த இடத்தில் அழுத்தி எடுத்து மருத்துவரிடம் கொடுங்கள். இதை அடுத்தடுத்து மூன்று காலைகளில் செய்வது நல்லது. அவள் தூங்கிய இரண்டு மூன்று மணி நேரத்தில் கைவிளக்கை அடித்துப் பார்த்தால், வெள்ளை நூல் துண்டு போல ஒன்று நெளிவது கண்ணுக்கே தெரியக்கூடும்.

அவளுடைய எரிச்சலுக்குப் பெரிய விளக்கம் எதுவும் தேவையில்லை. வாரக்கணக்கில் சரியாகத் தூங்காத பிள்ளை எரிந்து விழத்தான் செய்யும். மருத்துவர் தரும் மாத்திரை புழுக்களைக் கொல்லும், முட்டைகளைக் கொல்லாது. அதனால்தான் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை கொடுக்கச் சொல்வார்கள். அரிப்பு இல்லாவிட்டாலும் வீட்டிலுள்ள எல்லோரும், பணிப்பெண் இருந்தால் அவரும் சேர்த்து, ஒரே நாளில் சாப்பிட வேண்டும். கர்ப்பமாக இருப்பவர் மருத்துவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முட்டைகள் துணியிலும் தரையிலும் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும் என்பதால் போர்வையை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவையுங்கள், மகளின் நகங்களை ஒட்ட வெட்டுங்கள். இது அழுக்கான வீட்டுக்கு வரும் நோய் அன்று. அவள் எதிரில் அப்படிப் பேசிவிடாதீர்கள்.

உங்கள் அறிகுறிகள் வேறு. பால் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போவதையும் மலம் மிதப்பதையும் கேட்டால் எனக்கு ஜியார்டியா நினைவுக்கு வருகிறது. அது புழுவே அன்று, ஒற்றைச் செல் உயிரி. சிறுகுடலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி சுரக்கும் இடத்தைக் கெடுக்கிறது. கொழுப்பும் சரிவர உறிஞ்சப்படுவதில்லை. அது எல்லா நாளும் மலத்தில் வெளிப்படாது என்பதால், வெவ்வேறு நாள்களில் எடுத்த மூன்று மாதிரிகளைக் கேட்பார்கள். பலதுறை மருந்தகத்தில், டிசம்பரில் இந்தியா சென்றுவந்ததை மறக்காமல் சொல்லுங்கள். மகளுக்கு வாங்கிய பூச்சி மாத்திரையில் ஒன்றை நீங்களும் போட்டுக்கொண்டால் ஜியார்டியா போய்விடாது. அதற்குரிய மருந்து வேறு.

புக்கிட் பாத்தோக் குமாஸ்தா:
தாதி அம்மா சொன்னது நான் பட்ட அனுபவம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையேற்றப் பயணத்தில் ஓடைநீரைக் குடித்துவிட்டு வந்து, நான்கு மாதம் ஜியார்டியாவோடு அலைந்தேன். எட்டு கிலோ எடை குறைந்ததைவிட, உணவங்காடி நிலையத்தில் நண்பர்களோடு உட்காரவே அஞ்சியதுதான் என்னை அதிகம் வாட்டியது. சாப்பிட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்திலேயே நாள் கழியும்போது மனம் சோராமல் என்ன செய்யும்?

சோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் உப்புசமும் அசதியும் உடனே விடவில்லை. நார்வேயின் பெர்கன் நகரில் 2004ஆம் ஆண்டு குடிநீர் வழியாக ஜியார்டியா பரவியபோது பாதிக்கப்பட்டவர்களை மூன்று ஆண்டு கழித்து ஆராய்ந்தார்கள். அவர்களில் 46 விழுக்காட்டினருக்கு, வயிற்றுவலியும் மலப்போக்கு மாற்றமும் நீடிக்கும் எரிச்சல் குடல் நோயின் அறிகுறிகள் இருந்தன. தொற்று ஏற்படாதவர்களிடம் அது 14 விழுக்காடுதான். நீடித்த அசதியும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. இதைப் படித்த பிறகுதான், நான் கற்பனை செய்துகொள்ளவில்லை என்ற நிம்மதி எனக்கு வந்தது. பாலை மட்டும் சில வாரம் நிறுத்திப் பாருங்கள். எனக்குப் பிறகு அது மீண்டும் ஒத்துக்கொண்டது.

ஓய்வுபெற்ற தாதி:
நாத்தனாரின் காணொளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனநிலையோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் உருவாகிறது என்பது உண்மை. ஆனால் அது இரத்தத்தின் வழியாக மூளைக்குள் நுழைவதில்லை என்பதை அந்தக் காணொளிகள் சொல்வதில்லை. குடலுக்கும் மூளைக்கும் நரம்பு வழியாகப் பேச்சுவார்த்தை உண்டு. அதற்காக எல்லா அழுகையையும் பூச்சியின் தலையில் கட்டிவிட முடியாது. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சி இரும்புச்சத்தைக் குறைத்தால் அசதியும் எரிச்சலும் வரும் என்பதால், இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், வயிற்றுக்காகக் காத்திராமல் அதையும் தனியாக மருத்துவரிடம் சொல்லுங்கள். பொடி வேண்டாம். அதைக் குடித்தபின் கயிறுபோல வெளியேறுவதைப் புழு என்று படமெடுத்துப் போடுகிறார்கள். பெரும்பாலும் அது குடலின் சளியும் பொடியிலுள்ள நாருமாகத்தான் இருக்கும்.

ஈசூன் தாத்தா:
எங்கள் காலத்தில் பள்ளி விடுமுறை வந்தால் விளக்கெண்ணெய் கொடுத்து நாள் முழுவதும் திண்ணையில் உட்கார வைத்துவிடுவார்கள். பூச்சி போனதோ இல்லையோ, தெம்பு போய்விடும். நாத்தனாருடைய பொடியும் அந்தப் பரம்பரைதான் போலிருக்கிறது. என் வயதினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஊர் மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்களின் தோல் வழியாக நுழையும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு, பல்லாண்டு சத்தமின்றிக் குடலில் தங்கிவிடும். நோயெதிர்ப்பைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் அது பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று, எனக்கு அந்த மருந்தைக் கொடுப்பதற்கு முன் என் மருத்துவர் இரத்தம் எடுத்துச் சோதித்தார்.

செங்காங்வாசி:
அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசி விளக்கில் பார்த்தேன். தாதி அம்மா சொன்ன வெள்ளை நூல் இரண்டு இருந்தன. இன்று காலை ஒட்டுநாடாவோடு மருந்தகம் சென்று, நான்கு பேருக்கும் மாத்திரை வாங்கி வந்தோம். என்னுடைய மூன்று மாதிரிகளில் முதலாவதை நாளை கொடுக்கப்போகிறேன். நாத்தனாருக்கு இந்தப் பக்கத்தையே அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.