மனக்காட்சியா, மன ஒத்திகையா? முதியோர் உடற்சமநிலைப் பயிற்சிக்கான கலைச்சொற்கள்

மடல் 1

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

முதியோர் கீழே விழாமலிருக்கத் தரப்படும் பயிற்சிகளில் இரண்டுக்கு நிலையான சொல் தேவைப்படுகிறது. ஒன்று, உடலை அசைக்காமல் ஓர் அசைவை மனத்துக்குள் நடத்திப் பார்ப்பது. மற்றது, தலையில் மாட்டும் கருவி அல்லது பெரிய திரை வழியாகக் கணினி உருவாக்கும் சூழலில் பயில்வது. இரண்டாவதற்கு 'மெய்நிகர்' வேரூன்றிவிட்டது, அதைத் தொட வேண்டியதில்லை. முதலாவதற்கு 'மனக்காட்சி', 'மனப்படிமம்', 'இயக்கக் கற்பனை' மூன்றும் புழங்குகின்றன. கையேட்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும். 'மனக்காட்சி' எளிது, சொன்னவுடன் புரிகிறது. உங்கள் கருத்து?

மடல் 2: இயன்முறை மருத்துவர்

> எளிது, சொன்னவுடன் புரிகிறது.

புரிகிறது ஐயா, ஆனால் பாதிதான் புரிகிறது. 'மனக்காட்சி' என்றால் முதியவர் கண்ணை மூடிக்கொண்டு, தான் நடப்பதை எதிரே நின்று பார்ப்பதுபோல் படம் ஓட்டிக்கொள்வார். நாற்காலியிலிருந்து எழும்போது உடல் முன்சாய்வதும், எடை பாதங்களுக்கு மாறுவதும், தொடைத்தசை இறுகுவதும் அவருக்குள் உணரப்பட வேண்டும். மனத்தில் அசைவை எழுப்பும் திறனை அளக்க 2007இல் வெளிவந்த, பக்கவாதம் வந்தவர்களுக்கும் ஏற்ற வினாத்தொகுப்பு ஒன்று, காட்சியின் தெளிவையும் உணர்வின் அழுத்தத்தையும் தனித்தனியே 5 புள்ளி அளவில் மதிப்பிடுகிறது. 'காட்சி' என்று பெயரிட்டால் இரண்டாவது பாதி விடுபட்டுப்போகும்.

'கற்பனை' இல்லாததைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. பயிற்சியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். 'படிமம்' அசையாதது. இங்கே நேரம்தான் உயிர்நாடி. போட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும் 1991இல் தந்த சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள்: கைப்பிடி வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். இதை ஒருமுறை நிஜமாகச் செய்யவைத்து நேரம் குறிக்கிறோம். பிறகு உட்கார்ந்தபடியே மனத்துக்குள் செய்து, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் குரல் கொடுக்கச் சொல்கிறோம். நிஜத்தில் 14 நொடி எடுத்தவர் மனத்துக்குள் 8 நொடியில் முடித்தால், எதையோ தாண்டிவிட்டார் என்று பொருள். முதியோரிடம் இப்படி நேரம் குறைந்து வருவது ஆய்வுகளில் பலமுறை பதிவான ஒன்று. "திரும்பினீர்களா? எத்தனை அடி வைத்துத் திரும்பினீர்கள்? நாற்காலி விளிம்பு காலின் பின்புறம் பட்டதா?" என்று கேட்டால் விட்ட இடம் தெரிந்துவிடும். அந்தத் துண்டை மட்டும் ஒருமுறை நிஜமாகவும் நாலைந்து முறை மனத்திலும் செய்யவைத்து, பின் முழுவதையும் கோக்க வேண்டும். கவனம் சிதறிவிடும் என்பதால் 15 நிமிடத்துக்கு மேல் நீட்டக் கூடாது.

ஆகவே 'மன ஒத்திகை' என்பேன். ஒத்திகைக்கு வரிசை உண்டு, நேரக்கணக்கு உண்டு, மறுபடி செய்வதும் உண்டு. "இன்னொரு முறை ஒத்திகை பாருங்கம்மா" என்று அப்படியே சொல்லலாம், விளக்கம் வேண்டாம்.

மடல் 3: நரம்பியல் ஆய்வாளர்

'மன ஒத்திகை' மிகப் பொருத்தம். ஆனால் அது பயிற்சியின் பெயர். மனத்துக்குள் அசைவை எழுப்புவது வேறொன்று, அதைச் செய்யும் திறன் ஆளுக்கு ஆள் மாறும். வினாத்தொகுப்பு அளப்பது திறனைத்தான். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், திறன் குறைந்தவருக்குப் பயிற்சி பலிக்காதபோது காரணத்தை எழுத வழியிருக்காது. 'அகவசைவு' என்று வைக்கலாமா? அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகளில் பல, நிஜ அசைவிலும் அகவசைவிலும் இயங்குகின்றன. ஆகவே 'அசைவு' என்ற சொல் அங்கே இருப்பது நியாயமே. காண்வகை அகவசைவு, உணர்வகை அகவசைவு என்று பிரிக்கவும் வசதி.

'மெய்நிகர்' பற்றி மடல் 1இல் சொன்னதை ஏற்க முடியவில்லை. பாதுகாப்பு முறைகள் வேறுபடுவதால் அதை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். திரை முன் பயில்பவருக்குத் தன் பாதமும் தரையும் தெரிகின்றன. அங்கே ஆபத்து, ஏறி நின்று பயிலும் சமநிலைப் பலகையின் விளிம்பில் கால் தடுக்குவது. தலையில் கருவி மாட்டியவருக்கோ பாதம் மறைந்துவிடுகிறது. வயது ஏற ஏற, நிற்பதற்குப் பார்வையை நம்புவது கூடுகிறது. காட்சி ஒரு பக்கம் சரிந்தால் உடலும் சரியும். அதனால் முதலில் உட்கார்ந்த நிலை, பிறகு கைப்பிடிக் கம்பியைப் பற்றி நிற்பது, அதன் பின்பே கையை விடுவது. நிற்கும்போதெல்லாம் இடுப்புப்பட்டையோ உடலைத் தாங்கும் தொங்குவாரோ இருக்க வேண்டும், பக்கவாட்டில் சற்றுப் பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். 'திரை மெய்நிகர்', 'சூழ் மெய்நிகர்' என்று பிரித்தால், எந்த விதி எதற்கு என்பது பெயரிலேயே விளங்கும்.

கருவியை மாட்டியபின் வரும் தொந்தரவுக்கும் பெயர் வேண்டும். 'மெய்நிகர்க் குமட்டல்' போதாது. 1993 முதல் பயன்பாட்டிலுள்ள 16 அறிகுறிப் பட்டியல் குமட்டல், கண் சார்ந்தவை, திசைத்தடுமாற்றம் என மூன்று தொகுதிகளைக் கொண்டது. 'மெய்நிகர்க் கிறக்கம்' எப்படி?

மடல் 4: முதல் மடலை எழுதியவர்

'மன ஒத்திகை', 'அகவசைவு', 'திரை', 'சூழ்' நான்கையும் ஏற்கிறேன். 'மனவொத்திகை' என்று புணர்த்த வேண்டாம். முதியவர் கையிலும் போகும் தாள், பிரித்தே அச்சிடுவோம்.

'கிறக்கம்' வேண்டாம். மயக்கும் இன்பத்துக்கும் அதையே சொல்கிறோம், "கிறக்கமாக இருக்கிறதா?" என்ற கேள்விக்கு வரும் பதிலை நம்ப முடியாது. 'ஒவ்வாமை' நோய்க்குறிப்பில் வேறு நோயாகிவிடும். 'மெய்நிகர் உபாதை' என்கிறேன். தலைவலி, கண் களைப்பு, குமட்டல், தலைசுற்றல் எல்லாம் அதில் அடங்கும். எச்சரிக்கை வரி இப்படி வரும்: "உபாதை தெரிந்தவுடன் முதலில் உட்காரவையுங்கள், பிறகு கருவியைக் கழற்றுங்கள்." நின்றபடியே கழற்றினால் காட்சி சட்டென மாறி, அந்த நொடியிலேயே தள்ளாடக்கூடும், வரிசையை மாற்ற வேண்டாம்.