கலைச்சொல்: ‘ஸ்பின்னிங் ரீல்’, ‘பெயிட்காஸ்டிங் ரீல்’ – சுழல்வது எது?

தக்கை:

வணக்கம். நம் மீன்பிடிக் கருவிக் கலைச்சொல் பட்டியலில் இன்னும் முடியாமல் கிடக்கும் இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் தூண்டில் கோலில் பொருத்தி நூலை வீசவும் சுற்றவும் உதவும் ரீல் வகைகள். ஸ்பின்னிங் ரீலுக்குச் ‘சுழல் ரீல்’, பெயிட்காஸ்டிங் ரீலுக்கு ‘இரைவீச்சு ரீல்’ என்று யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. ‘சுழல் ரீல்’ என்று எதைச் சொல்கிறோமோ, அதில் வீசும்போது நூல் சுற்றிய கண்டு அசைவதே இல்லை. கண்டு சுழல்வது மற்றதில்!

ஆங்கிலப் பெயர்கள் கருவியின் இயக்கத்தைப் பார்த்து வைத்தவை அல்ல. தண்ணீரில் சுழலும் பொய்யிரையை வீசி இழுக்கும் முறைக்கு இங்கிலாந்தில் ‘ஸ்பின்னிங்’ என்று பெயர். அது ரீலுக்கு ஒட்டிக்கொண்டது. ஈப்பொய்யிரை (ஈயைப் போலக் கட்டிய ‘ஃபிளை’) வீசுவதிலிருந்து பிரித்துக் காட்ட அமெரிக்காவில் ‘பெயிட்காஸ்டிங்’ என்றார்கள். அப்படியே பெயர்த்தால் நமக்குக் கிடைப்பது அந்த ஊர் வரலாறுதான், பொருள் கிடைக்காது.

என் முன்மொழிவு: ஸ்பூல் = கண்டு (நூற்கண்டு என்பது போல). பெயிட்காஸ்டர் = சுழல்கண்டு ரீல். ஸ்பின்னிங் = நிலைக்கண்டு ரீல்.

---

கோல்நுனி:

> பெயிட்காஸ்டர் = சுழல்கண்டு ரீல்

தக்கை ஐயா, கண்டு எனக்கும் சரி. ஆனால் கடைக்குப் போய் ‘நிலைக்கண்டு’ கேட்டால் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். தூண்டில் போடுகிறவர்கள் எல்லாரும் ரீல், ராட், பெயிட்காஸ்டர், பிரெய்டு என்றுதான் பேசுகிறார்கள். பழகிய சொல்லை ஏன் மாற்ற வேண்டும்? தமிழ் எழுத்தில் எழுதினால் போதாதா? இந்தப் பெயர் தெரிந்தால் ஒருவனுக்கு எந்த ரீல் வாங்குவது என்று தெரிந்துவிடுமா?

---

தக்கை:

தெரிந்துவிடும், பாதியாவது. அமெரிக்காவில் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு ரீலுக்கும் இடையே ஓயாமல் வழக்கு நடப்பது அங்கேதான்.

சுழல்கண்டில் பொய்யிரை பறக்கும்போது கண்டையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். அந்த வேலைக்கு எடை வேண்டும். அதனால்தான் ஏறத்தாழ 10 கிராமுக்கு மேல் (3/8 அவுன்ஸ்) உள்ள பொய்யிரைக்கு அது. நூல், 12 முதல் 20 பவுண்டு இழுப்பைத் தாங்கும் ஃபுளூரோகார்பன் (ஒற்றையிழை நூல் வகை), பாசிக்கும் மரக்கட்டைக்கும் நடுவில் போடுவதென்றால் 50, 65 பவுண்டு பின்னல் நூல் (பிரெய்டு). கண்டிலிருந்து நூல் நேராக வருவதால் தடித்த நூலும் தொல்லை தராது.

நிலைக்கண்டில் நூல் கண்டின் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக நழுவி வருகிறது. சுற்ற எதுவும் இல்லை, எனவே 3 கிராம் பொய்யிரையும் பறக்கும். 7 கிராமுக்குக் கீழே இதுதான் எளிது. ஆனால் தடித்த, விறைப்பான நூல் விளிம்பில் உரசும், நூல் வளையங்கள் விரிந்து, கோலில் நூல் நுழைந்து செல்லும் முதல் வளையத்தில் அடிக்கும். அதனால்தான் அந்தக் கோலில் முதல் வளையம் அவ்வளவு பெரிது. 6 முதல் 10 பவுண்டு ஃபுளூரோகார்பன், அல்லது 10–15 பவுண்டு பின்னல் நூலும் அதன் நுனியில் ஃபுளூரோகார்பன் முன்னிழையும் என்று நிறுத்திக்கொள்வார்கள்.

நெசவு தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம்: நாடாவுக்குள் தார் சுழலாமல் நிற்க, ஊடை நூல் அதன் நுனி வழியாக வருகிறதே, அதேதான். 1905-இல் இங்கிலாந்தில் நிலைக்கண்டு ரீலுக்குக் காப்புரிமை பெற்ற ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த்தும் நெசவாலைத் தொழிலில் இருந்தவர். சுழல்கண்டுக்கு வேறு மரபு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் போன்ற கடிகாரக் கைவினைஞர்கள் பல்சக்கரம் வைத்துச் செய்தது அது.

---

தங்கூசி (ரொறன்ரோ):

எல்லாருக்கும் வணக்கம். இலங்கையில் மீன்பிடி நூலைத் தங்கூசி என்போம். தமிழ்நாட்டில் நரம்பு என்றும் சொல்கிறீர்கள். பட்டியலில் இரண்டையும் போடுங்கோ.

ஒன்ராறியோவில் சிம்கோ ஏரி போன்ற தெளிந்த தண்ணியில் ஸ்மோல்மவுத் (சிறுவாய்) வகைப் பாஸுக்குப் போகிறவர்களில் அநேகர் நிலைக்கண்டுதான் வைத்திருப்பார்கள். ஆழத்தில், மெல்லிய நூலில், சின்ன ரப்பர்ப் புழுவை அடியில் ஆடாமல் வைத்திருக்க வேண்டும். பாசி மண்டிய கரையில் லார்ஜ்மவுத் (பெருவாய்) வகைப் பாஸ் என்றால் சுழல்கண்டு. ஆகவே தக்கை சொன்ன பிரிப்பு சரி.

ஆனால் பழுதுகளுக்கும் பெயர் வேண்டும். சுழல்கண்டில் வருகிற பெரிய சிக்குக்கு இங்கே ‘பேக்லாஷ்’ என்றும், பறவைக்கூடு என்ற பொருளில் இன்னொரு பேரும் சொல்வார்கள். கூட்டைத் தமிழில் கொண்டுவந்தால் காரணம் மறைந்துபோகும். பொய்யிரை காற்றில் வேகம் குறைகிறது, கண்டு குறையவில்லை. கண்டு முந்துகிறது, மிஞ்சிய நூல் உள்ளேயே கிளம்பிச் சிக்காகிறது. ‘முந்துசிக்கு’ என்று வைக்கலாமா? நிலைக்கண்டில் வருகிறதோ முறுக்கு. இரண்டும் வேறுவேறு நோய், மருந்தும் வேறு.

---

கோல்நுனி:

முந்துசிக்கு! இதற்கு நான் மறுப்புச் சொல்லப்போவதில்லை. அகராதிப் பதிவில் விளக்கமும் சேர்ப்பதானால் இப்படி எழுதலாம்:

முந்துசிக்கு வருவது பெரும்பாலும் மூன்று இடத்தில். வெடுக்கென்று வீசும்போது தொடக்கத்திலேயே, எதிர்காற்றில் நடுவழியில், பொய்யிரை தண்ணீரைத் தொட்ட பிறகும் கண்டு ஓடும்போது. தவிர்க்க, முதலில் பக்கத்துத் திருகை (கண்டை அச்சோடு இறுக்குவது) சரிசெய்ய வேண்டும். பொய்யிரையைக் கட்டி, கோலைக் கிடையாகப் பிடித்து, கண்டை விடுவிக்கும் கட்டைவிரல் பட்டையை அழுத்தி விடுங்கள். பொய்யிரை மெதுவாக இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் கண்டு நிற்க வேண்டும். அதற்குமேல் ஒரு சுற்று ஓடினால் இன்னும் இறுக்குங்கள். பொய்யிரையின் எடை மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பலர் விடுவது இங்கேதான்.

அடுத்தது பிரேக். மையவிலக்கு வகையில், சுழலும் வேகத்தில் குட்டி வில்லைகள் வெளியே தள்ளப்பட்டு வளையத்தில் உரசும். கண்டு அதிவேகமாக ஓடும் தொடக்கத்தில்தான் அது பலமாகப் பிடிக்கும். காந்த வகையில் வெளியே ஒரு திருகி இருக்கும், பெட்டியைத் திறக்காமலே மாற்றலாம். புதிதாகப் பழகுகிறவர் முக்கால் பங்குக்குமேல் பிரேக் வைத்துத் தொடங்கி, கை பழகப் பழகக் குறைக்கலாம். கடைசி நொடிக்கு எந்தப் பிரேக்கும் உதவாது. பொய்யிரை தண்ணீரைத் தொடுமுன் கட்டைவிரல் கண்டைத் தொட்டிருக்க வேண்டும்.

சிக்கு விழுந்துவிட்டால் நூலைக் கண்டபடி பிடுங்கக் கூடாது. கட்டைவிரலால் சிக்கை அழுத்திப் பிடித்தபடி கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு இழுத்தால் பெரும்பாலும் பிரிந்துவிடும். இன்னொரு வழி: வழக்கமாக வீசும் தூரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நூலை இழுத்துவிட்டு, கண்டின் மேல் ஒட்டுநாடா ஒட்டி, திரும்பச் சுற்றிவிடுங்கள். சிக்கு நாடாவுக்குக் கீழே இறங்காது.

---

தங்கூசி:

முறுக்குக்கும் அதேபோல எழுதவேணும். மீன் இழுத்து நூல் நழுவிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றக் கூடாது. 6:1 ரீலென்றால், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு நூலைக் கண்டில் சுற்றும் வளைகம்பி (‘பெயில்’) ஆறு முறை சுற்றும், ஆறு முறுக்கு நூலில் ஏறும், நூலோ ஒரு அங்குலமும் உள்ளே வராது. வீசிய பிறகு வளைகம்பியைக் கையால் மூட வேண்டும், கைப்பிடியைச் சுற்றி மூடினால் தொய்ந்த வளையம் கண்டில் சிக்கும். விளிம்புக்கு 2–3 மில்லிமீட்டர் கீழே நிற்கிற அளவுக்கு நூல் நிரப்ப வேண்டும். கூடினால் வளையங்கள் கொத்தாக விழும், குறைந்தால் விளிம்பில் உரசித் தூரம் போகாது. பின்னல் நூலை வெறும் கண்டில் சுற்றினால் முழுக்கண்டும் வழுக்கும், அடியில் கொஞ்சம் நைலான் நூல் வேண்டும். ஏறிவிட்ட முறுக்கை எடுக்க, நுனியில் ஒன்றும் கட்டாமல் நூலைப் படகின் பின்னால் விட்டு இழுத்தால் போதும்.

‘டிராக்’ என்பதை ‘இழுவை’ என்று போட்டிருக்கிறீர்கள். இழுப்பது மீன், ரீல் செய்வது அளவோடு நழுவ விடுவது. ‘நழுவுபிடி’?

---

வரப்பு:

நழுவுபிடிக்கு என் வாக்கு. சுழல்கண்டுக்கு ஒரு தடை சொல்கிறேன். ஈப்பொய்யிரை ரீலிலும் கண்டு சுழலும். கடலில் படகுக்குப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் பெரிய ரீலிலும் சுழலும். அப்புறம் பெயிட்காஸ்டருக்கு மட்டும் அந்தப் பெயரை எப்படிக் கொடுப்பது?

இன்னொன்று. ‘நிலைக்கண்டு’ என்பதைச் சேர்த்து எழுதாவிட்டால் ‘நிலை கண்டு’ என்று படிப்பார்கள். கூடவே, ஜப்பானில் வளர்ந்த மெல்லிய சுழல்கண்டுகள் 3, 4 கிராம் பொய்யிரையையும் வீசுகின்றன. கண்டையே ஆழமில்லாமல், எடை குறைத்துச் செய்கிறார்கள். தக்கை சொன்ன 10 கிராம் எல்லையைப் பதிவில் கல்வெட்டாக எழுத வேண்டாம்.

பாஸைக் ‘கொடுவா’ என்று மாற்றியிருப்பதையும் திருத்துங்கள். கொடுவா நம் கழிமுக மீன். அமெரிக்கர் பிடிக்கும் பிளாக் பாஸ் வேறு குடும்பம், நன்னீர் மீன். பாஸ் என்றே இருக்கட்டும்.

---

தக்கை:

வரப்பு சொன்ன தடை நியாயம். அப்படியானால் சுழல்கண்டு என்பதைப் பொதுப்பெயராக வைத்துக்கொண்டு, பெயிட்காஸ்டரை ‘வீச்சுச் சுழல்கண்டு’ என்போம். ஈப்பொய்யிரை ரீலில் வீசும் வேலையைக் கண்டு செய்வதில்லை, நூலைக் கையால் இழுத்து விடுகிறார்கள். எனவே குழப்பம் வராது. மூடியுள்ள ஸ்பின்காஸ்ட் ரீலிலும் கண்டு நிற்கிறது, அது ‘மூடு நிலைக்கண்டு’. நிலைக்கண்டைச் சேர்த்தே எழுதுவோம், வல்லினம் மிகுவதே பிரித்துப் படிப்பதைத் தடுக்கும்.

கொடுவாவைத் திருத்திவிட்டேன். எடை வரியில் ‘பொதுவாக’ சேர்த்தாயிற்று. நழுவுபிடி, முந்துசிக்கு, வளைகம்பி மூன்றும் ஏற்பு. நூலைக் கண்டில் இடவலமாகப் பரப்பும் ‘லெவல்வைண்ட்’ மட்டும் மிச்சம். ‘பரப்பி’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். வேறு சொல் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.